வண்டியை நோண்டலாமா? பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. பல வருடங்களாகத் தினமும் பைக்கில் போய் வருகிறவன், விடுமுறை நாள் வந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் உட்காருகிறவன், அவ்வளவுதான். பதில்கள் பெரும்பாலும் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் கியர் வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை. இங்கே உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால், கையேடு சொல்வதுதான் சரி.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

அந்தக் கையேட்டைத் தேடி எடுப்பதிலிருந்து. பல பேர் வீட்டில் அது வண்டி வாங்கிய அன்று பிளாஸ்டிக் உறைக்குள் போனதுதான், இன்னும் வெளியே வரவில்லை. டயருக்கு எவ்வளவு காற்று, செயின் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும், எந்த ஆயில், எவ்வளவு ஆயில், எந்த பிளக் என்று நீங்கள் நாலு பேரிடம் கேட்டு ஐந்து பதில் வாங்கும் விஷயமெல்லாம் அதில் இருக்கிறது.

அடுத்து டயரின் காற்றைப் பார்க்கப் பழகுங்கள். அப்புறம் செயின். அப்புறம் கிளட்ச், பிரேக் கேபிள்களின் தளர்வு. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் வண்டிப் பராமரிப்பில் பாதிக்கு மேல் கற்றுக்கொண்ட மாதிரிதான். இன்ஜினைத் திறக்கும் ஆசை எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே வரும். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

தினமும் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அரை நிமிட வேலை. இரண்டு டயரையும் ஒரு பார்வை. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்து, பின் விளக்கு எரிகிறதா என்று கவனித்துவிட்டால் போதும்.

நான் கூடுதலாக ஒன்று செய்வேன். இன்ஜினைப் போடாமலே வண்டியைத் தள்ளி வெளியே எடுப்பேன். தினம் தள்ளுகிற கைக்கு, இன்று வண்டி கனமாக வருகிறது என்றால் உடனே தெரிந்துவிடும். காற்று இறங்கியிருக்கும், இல்லை பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கும்.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் உள்ள அளவுதான் உங்களுக்கு. சிறிய கியர் வண்டிகளில் முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 29 பிஎஸ்ஐ, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 33 பிஎஸ்ஐ போன்ற அளவுகள் வழக்கம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துக் காற்றடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது.

டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் காற்று சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால், ஆறியதும் குறைவாகிவிடும். கைக்கு அடக்கமான ஒரு கேஜ் சொந்தமாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வீட்டிலேயே பாருங்கள். வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள், உள்ளே மண் புகுவதை அதுதான் தடுக்கிறது.

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும், ஹேண்டில் கனக்கும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். கூடினால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, சின்னக் கல்லுக்கும் வண்டி துள்ளும்.

டயரை எப்போது மாற்றுவது?

பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ரப்பர் கட்டிகள் இருக்கும். பக்கவாட்டில் முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். தேயாவிட்டாலும் வயதாகும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். புது டயர் என்று வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

பார்க்க நன்றாக இருக்கும். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, வளைவு கூர்மையாகிவிடும். தரையில் படும் பரப்பு நீங்கள் நினைத்த அளவுக்குக் கூடாது, வண்டி திரும்பவும் சோம்பும். சில வண்டிகளில் செயினிலோ மட்கார்டிலோ உரசும். கம்பெனி போட்ட அளவு, அதிகம் போனால் அதற்கு அடுத்த அளவு. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

செயினுக்கு எப்போது, எப்படி எண்ணெய் விடுவது?

திறந்த செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றே. முழுக் கவருக்குள் ஓடும் செயின் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் கண்ணில் படாததால் அதை எல்லோரும் மறந்தும் விடுவார்கள்.

முதலில் சுத்தம் செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியையும் எடுத்துவிடுங்கள். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேயுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். துணியைச் செயின் இழுத்தால், அது செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்குள் விரலோடு சேர்ந்து போகும். இதில் விரல் இழந்தவர்கள் உண்டு.

பெட்ரோல் வேண்டாம். ஓ-ரிங் வைத்த செயின்களில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை அடைத்து, வெளியே வராமல் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் ஒருமுறை போனால் போனதுதான், மேலே எத்தனை ஸ்பிரே அடித்தாலும் திரும்ப உள்ளே போகாது. கம்பி பிரஷும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

துடைத்துக் காய்ந்ததும், கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கமாக எண்ணெயை விடுங்கள். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கம் நோக்கித்தான் தெறிக்கும், அதனால் உள்ளே விட்டால் முழுக்க ஊடுருவும். செயின் ஸ்பிரே நல்லது, 90 கிரேடு கியர் ஆயிலும் போதும். ஓட்டி முடித்து வந்ததும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் டயரிலும் பேண்ட்டிலும் தெறிக்காது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது ஒரு பழக்கமாக இருக்கிறது. அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். செயினுக்கு உப்புத்தாள் போடுவதற்கு என்ன பெயரோ, அதுதான் அது.

செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

இறுக்கம் என்று கேட்பதே கொஞ்சம் தப்பு, தளர்வு என்றுதான் கேட்க வேண்டும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 25 முதல் 35 மி.மீ. அசைய வேண்டும் என்பது பல சிறிய வண்டிகளின் அளவு. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அங்கே அளவு சரியாக இருந்தும் வேறிடத்தில் தொளதொளவென்று தொங்கினால் செயினின் காலம் முடிந்தது.

தொங்கும் செயின் சத்தம் போடும், எல்லோரும் கவனிப்பார்கள். அதிக இறுக்கமான செயின் சத்தமே போடாது. பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி, கியர் பாக்ஸின் வெளி பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் தின்றுகொண்டிருக்கும். இரண்டில் ஒன்று என்றால், துளி தளர்வே மேல்.

சரிசெய்ய, பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஸ்விங் ஆர்மில் கோடுகள் போட்டிருப்பார்கள், இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடும். பின்னால் டிரம் பிரேக் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் ராடு இழுபட்டு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். பெடல் தளர்வை மறுபடி சரிசெய்யுங்கள், பின் விளக்கு சுவிட்சையும் பாருங்கள். கடைசியாக ஆக்ஸில் நட்டை முறுக்கியதை இரண்டாவது முறை உறுதி செய்யுங்கள். நான் எப்போதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட்டை எடுப்பேன்.

செயின் மட்டும் மாற்றினால் போதுமா, ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தா?

சேர்த்தே. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயின் சீக்கிரம் பல்லின் வழிக்கு வந்துவிடும். பல் சுறா துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால், அல்லது பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்னால் இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தால், செட்டோடு மாற்றுங்கள். கிளிப் வைத்த லிங்க் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

கார் ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?

பெரும்பாலான கியர் வண்டிகளில் கூடாது. காரில் இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் உலர்ந்து ஓடும். பைக்கிலோ ஒரே ஆயில் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது, கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே முழுகியிருக்கின்றன. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று பல கார் ஆயில்களில் உராய்வு குறைக்கும் சேர்மானம் போடுகிறார்கள். அது கிளட்ச் தட்டையும் வழுக்கிவிடும்.

இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ என்ற தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்னால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் நனைந்த கிளட்ச் வண்டிக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. 10டபிள்யூ-30 போன்ற எண்களில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது இன்ஜின் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. கெட்டியான ஆயில் போட்டால் இன்ஜினுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக் கையேட்டில் இல்லாத கிரேடை ஊற்றாதீர்கள். மெல்லிய ஆயிலுக்கென்று செய்த சந்துகளில் கெட்டி ஆயில் போய்ச்சேர நேரமாகும், தேய்மானம் அதிகம் நடப்பதும் ஸ்டார்ட் செய்த அந்த முதல் நொடிகளில்தான்.

ஆயில் கருப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

கருப்பானால் கெட்டது என்று அர்த்தமில்லை, அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று. கிலோமீட்டர் கணக்கை நம்புங்கள், நிறத்தை நம்ப வேண்டாம். ஆனால் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும்.

ஆயிலை நானே மாற்றலாமா?

தாராளமாக. இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பானதும் அணைத்து, கீழே பாத்திரம் வைத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். முழுக்க வடிந்ததும் போல்ட்டைத் துடைத்து, புது வாஷரோடு மாட்டி, கையேட்டில் சொன்ன அளவு ஆயிலை ஊற்றுங்கள். அளவைப் பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கைச் சில வண்டிகளில் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். அந்த வித்தியாசத்திலேயே நூறு மில்லி அளவுக்குத் தவறு வரலாம்.

இனி என் கதை. முதன்முறை ஆயில் மாற்றியபோது, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் டிரெய்ன் போல்ட்டை நீளமான ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்தது, திடீரென்று வெண்ணெயில் கத்தி போன மாதிரி லேசாகச் சுற்றியது. மரை போய்விட்டது. போல்ட் எஃகு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் எது தோற்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மரை கழன்றவன் என்று ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். புது மரை போட்டுத் தந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் நான் வாங்கிய முதல் நல்ல கருவி, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

முதலில் கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலில் இருக்கும் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச். சிரிக்காதீர்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் வரை போய், அவர் கட்டைவிரலால் அந்தச் சிவப்பு சுவிட்சைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிய காட்சி எனக்கும் நடந்திருக்கிறது. அடுத்து சைடு ஸ்டாண்ட், பல வண்டிகளில் அது இறங்கியிருந்தால் கியர் போட்டதும் இன்ஜின் அணையும். அப்புறம் பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா.

இதெல்லாம் சரி என்றால், இன்ஜினுக்கு மூன்று வேண்டும்: பெட்ரோல், பொறி, காற்று. செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. கார்புரேட்டர் வண்டியைக் கிக்கரால் உதைத்துக் கிளப்பிவிடலாம். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தள்ளினாலும் கஷ்டம். அதில் சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். அது முடிந்ததும் செல்ஃப் அழுத்துங்கள்.

சோக் இழுத்து உதைத்து உதைத்துப் பெட்ரோல் வாசனை வந்தால், பிளக் நனைந்துவிட்டது. சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து நாலைந்து உதை உதையுங்கள். காற்று அதிகமாகப் போய் உலர்த்திவிடும்.

வேடிக்கையான ஒன்று: நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி பத்து இருபது கிலோமீட்டரில் திணறி நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கிளம்புகிறது என்றால், நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கரி படிந்து கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை விடுகிறது. சைலன்சரில் நீலப் புகையும் தெரியும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, இன்ஜின் அதிகம் சூடாகிறது. இதைத் தள்ளிப் போடக் கூடாது.

கழற்றுவதும் மாட்டுவதும் இன்ஜின் ஆறியபின். மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரால் ஆரம்பித்தால் கோணலாக ஏறிய மரை உங்களுக்குத் தெரியாமலே வெட்டுப்படும்.

டேப்பெட் சத்தம் கேட்கிறது. பயப்பட வேண்டுமா?

வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விட்டிருக்கும் சின்ன இடைவெளியால் வருவது இந்தச் சத்தம். லேசான டிக் டிக் பெரிய ஆபத்து இல்லை. சத்தம் அடங்கிப்போனதுதான் கவலைக்குரியது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வால்வு இருக்கையில் தேய்ந்து உட்கார உட்கார, இடைவெளி குறைந்துகொண்டே வரும், சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுக்க மூடாமல், எரியும் வாயு அந்தச் சந்து வழியே பீய்ச்சி, எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பைக் கருக்கிவிடும். சூடானதும் ஐட்லிங் நிற்காமல் அணைவது இதற்கு ஓர் அறிகுறி. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் வைக்க வேண்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கச் சொல்லாதீர்கள்.

கிளட்ச் லீவரில் எவ்வளவு தளர்வு வேண்டும்? வழுக்குகிறதா என்று எப்படித் தெரியும்?

லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வெறுமையாக அசைய வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் கையை எடுத்தாலும் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். உயர்ந்த கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் இரைகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது. முதலில் கேபிள் தளர்வைப் பாருங்கள், அப்புறம் அண்மையில் என்ன ஆயில் ஊற்றினோம் என்று யோசியுங்கள், தட்டு மாற்றுவது அதற்குப் பிறகு. நெரிசலில் இரண்டு விரலை லீவர் மேலேயே போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால், அந்த விரல்களின் கனமே கிளட்ச்சைத் தேய்க்கப் போதும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழும் என்கிறார்களே?

இந்தப் பயம் பல பேரைப் பின் பிரேக் மட்டும் போடுகிறவர்களாக ஆக்கியிருக்கிறது. நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகி எளிதில் வழுக்கும். அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கிறது. கவிழ்ப்பது முன் பிரேக் இல்லை, அதைப் படக்கென்று பிடுங்கும் கை. முதலில் மெல்ல அழுத்தி, எடை முன்னால் வர ஒரு நொடியில் ஒரு பங்கு நேரம் கொடுத்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது போல. வண்டி நேராக இருக்கும்போது மட்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணல், ஆயில், சேறு மேலும் முன் பிரேக்கை அதட்டக் கூடாது.

ஆளில்லாத திறந்த இடத்தில் 20, 30, 40 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பழகுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும். தாளில் படிப்பதைவிட நிறுத்திப் பார்த்தால்தான் அது உடம்பில் ஏறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் லீவர் அதிரும், அது வேலை செய்கிறது என்று அர்த்தம், பிடியை விட்டுவிடாதீர்கள்.

டிஸ்க் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

குழாய்க்குள் காற்றுக் குமிழி, அல்லது பழைய திரவம். டாட் 3, டாட் 4 என்ற வகை பிரேக் திரவங்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானால் திரவம் ஆவியாகி, லீவர் வெறுமையாக உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயிண்ட் மேல் சிந்தினால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

வளைவில் வண்டி திரும்ப மறுக்கிறது, பயமாக இருக்கிறது.

நடை வேகத்துக்கு மேல் போகும் எந்த பைக்கும் எதிர்த்திசை ஹேண்டிலால்தான் சாய்கிறது. இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாயும். தெரியாமலே எல்லோரும் செய்வதுதான். தெரிந்து செய்தால் கை நடுங்காது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

மைலேஜ் குறைந்துவிட்டது.

முதலில் உண்மையிலேயே குறைந்ததா என்று அளந்து பாருங்கள். டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, இருநூறு கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். குறைந்திருந்தால் காற்று, பிரேக் பிடித்திருப்பது, செயின், ஏர் ஃபில்டர், பிளக் என்ற வரிசையில் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

கூடுதல் விளக்கு, பெரிய ஹார்ன் மாட்டலாமா?

முதலில் உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கணக்கு. 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். அதை ஹேண்டிலில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் கருகும். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு இழுங்கள். வயரை வெறும் முறுக்கு முறுக்கி டேப் சுற்றினால், முதல் மழையிலேயே பதில் சொல்லும்.

இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. விளக்கு மாட்டியபின் இந்த எண் 13க்குக் கீழே போனால், வண்டி தயாரிக்கும் மின்சாரத்தைவிட நீங்கள் செலவழிப்பது அதிகம். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஸ்பேனர் தவறி சேஸிஸில் பட்டாலும் பொறி பறக்காது.

சத்தமான சைலன்சர் மாட்டினால் பிக்கப் கூடுமா?

சத்தம் கூடும். கலவையைச் சரிசெய்யாமல் மாட்டினால் பெட்ரோல் பங்கு குறைந்து இன்ஜின் சூடாகும், குறைந்த வேகத்தில் இழுவை போகும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

எந்தக் கருவிகள் வேண்டும்?

8 முதல் 17 மி.மீ. வரை ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், காற்று கேஜ், மல்டிமீட்டர், ஒரு டார்க் ரெஞ்ச். குறைவாக வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள். ஸ்டார் திருப்புளியில் மட்டும் ஒரு ரகசியம்: ஜப்பானிய வண்டிகளின் ஸ்குரூக்களில் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தர வடிவம். சாதாரணத் திருப்புளி அதில் முழுக்க உட்காராமல் வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். அதற்கான திருப்புளி தனியாகக் கிடைக்கும்.

இரண்டு மாதம் வண்டி எடுக்க மாட்டேன். எப்படி நிறுத்துவது?

டேங்க்கை நிரப்பிவிடுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது என்று நினைக்கிறார்கள். இன்ஜின் முழுக்கச் சூடாகாமல் அணைந்தால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். ஓட்டுவதானால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் குறையை எப்படிச் சொல்வது?

நோயைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். "கார்புரேட்டர் போச்சு" என்று போய் நின்றால், கார்புரேட்டரைத்தான் கழற்றுவார்கள். "வண்டி சூடான பிறகு, மூணாவது கியரில், நாற்பதுக்கு மேல் போனால் வலது பக்கம் டக் டக் என்று கேட்கிறது, கிளட்ச் பிடித்தால் நின்றுவிடுகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், நீங்களே நோண்டியிருந்தால் அதையும் சேர்த்து. வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் இதைவிட மோசமானதெல்லாம் பார்த்திருப்பார். அவர் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினால் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். சத்தம் வரும் நேரத்தில் தோளைத் தட்டுங்கள்.